நாலு ஆசிரியர், நாலு விதக் காப்பீடு: எல்லை தாண்டினால் ஏன் எல்லாம் மாறுகிறது?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். நீங்கள் ஆனைமலைப் பக்கம் அரசுப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியை. கணவர் எல்லைக்கு அந்தப் பக்கம், பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில் அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழி வகுப்பு எடுக்கிறார். நாத்தனார் காரைக்காலில் அரசுப் பள்ளி ஆசிரியை. தம்பி பொள்ளாச்சியில் ஒரு தனியார் மெட்ரிக் பள்ளியில், மாதம் 18,000 ரூபாய் சம்பளத்தில். மாமியாருக்குக் கண்புரை முற்றிவிட்டது. உங்கள் அப்பாவுக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஒரே வேலை பார்க்கும் நாலு பேருக்கு ஏன் நாலு விதமான காப்பீடு, இந்தப் பெரியவர்களை யாருடைய அட்டையில் சேர்ப்பது என்பதுதான் கேள்வி.

நான் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். கடைசிப் பத்து வருடம் பாடம் எடுத்ததைவிட, சக ஆசிரியர்களுக்குக் காப்பீட்டுப் படிவம் நிரப்பிக் கொடுத்ததுதான் அதிகம். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: நீங்கள் எந்த ஊரில் பாடம் எடுத்தாலும், உங்கள் சம்பளப் பட்டியலைப் பாஸ் செய்வது யார் என்பதை வைத்துத்தான் காப்பீடு முடிவாகிறது. பொதுச் சுகாதாரமும் மருத்துவமனைகளும் அரசியலமைப்பில் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. மாநில அரசு ஊழியர்களின் பணி விதிகளும் அப்படியே. கல்வி மட்டும் 1976-இல் 42-ஆவது திருத்தத்தால் பொதுப் பட்டியலுக்குப் போனது. அதனால் பாடத்திட்டம், கல்விக் கொள்கை என்று தில்லி பேசலாம். ஆசிரியருக்கு உடம்பு முடியாமல் போனால் செலவு யாருடையது என்பதை அந்தந்த மாநிலமே தீர்மானிக்கிறது. நாடு முழுவதற்கும் பொதுவான ஆசிரியர் மருத்துவக் காப்பீடு என்று ஒன்று கிடையாது.

உங்களுடையதிலிருந்து தொடங்குவோம். தமிழ்நாட்டில் நாம் என்.எச்.ஐ.எஸ். என்று சொல்லும் புதிய மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2008-இல் வந்தது. அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி, உள்ளாட்சிப் பள்ளி ஆசிரியர்கள் எல்லாரும் இதில் அடக்கம். 2012-இல் தொடங்கிய சுற்றில் நான்கு ஆண்டுக்கு 4 லட்சம், மாதப் பிடித்தம் 150 ரூபாய். 2016-இல் தொகை அதே 4 லட்சம், பிடித்தம் 180. 2021 ஜூலை 1-இல் தொடங்கிய சுற்றில் 5 லட்சம், பிடித்தம் 300. 2012-ஐயும் 2021-ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிடித்தம் இரண்டு மடங்கு, காப்பீட்டுத் தொகை கால் பங்கு கூடுதல். இதில் இன்னொரு வேடிக்கை, நம் சம்பளச் சீட்டில் மருத்துவப்படி என்று வரவில் 300 ரூபாய் இருக்கும். காப்பீட்டுக்கென்று பிடித்தத்தில் 300 ரூபாய் இருக்கும். இந்தக் கையில் வாங்கி அந்தக் கையில் கொடுத்துவிட்டு வருகிறோம் என்று ஆசிரியர் அறையில் சிரிப்போம்.

அந்த 5 லட்சத்தைப் பலர் வருடத்துக்கு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது குடும்பம் முழுவதற்கும் நான்கு ஆண்டுக்கு. சராசரி போட்டால் ஆண்டுக்கு 1,25,000 ரூபாய். முதல் வருடமே பெரிய அறுவைச் சிகிச்சை நடந்து தொகை கரைந்துவிட்டால், அடுத்த சுற்று வரும்வரை அட்டை வெறும் அட்டைதான். அரசாணையில் குறிப்பிட்டிருக்கும் சில கடும் நோய்களுக்கு மட்டும் வரம்பு 10 லட்சம் வரை உயரும். அதற்குள்ளும் தனித்தனி உச்சவரம்புகள் உண்டு. கண்புரைக்கு ஒரு கண்ணுக்கு 30,000, கர்ப்பப்பை அறுவைச் சிகிச்சைக்கு 50,000 என்று. பெண் ஆசிரியர்கள் அதிகம் இருக்கும் துறையில், இந்த இரண்டாவது வரம்பால் கைக்காசு போட்டவர்கள் எனக்குத் தெரிந்தே நிறையப் பேர்.

குடும்பம் என்பதற்கு இந்தத் திட்டம் வைத்திருக்கும் பொருளும் முக்கியம். கணவர் அல்லது மனைவி, அப்புறம் பிள்ளைகள். பிள்ளைகளுக்கு 25 வயது, வேலை, திருமணம், இதில் எது முதலில் வருகிறதோ அதுவரை. பெற்றோர்? மணமாகாத ஊழியராக இருந்தால் மட்டும், அதுவும் அவருக்குத் திருமணம் ஆகும்வரை. தாலி ஏறிய அன்றைக்கு அப்பா அம்மா பெயர் அட்டையிலிருந்து இறங்கிவிடுகிறது. ஆணுக்கும் இதே விதிதான். அம்மாவைக் கூடவே வைத்துக் காப்பாற்றும் ஆசிரியர்கள் எத்தனையோ பேர் இருக்கும்போது, இதை நான் இந்தத் திட்டத்தின் பெரிய ஓட்டை என்றே சொல்வேன். ஆக உங்கள் அப்பாவின் ஸ்டென்டுக்கு உங்கள் அட்டை உதவாது. நீங்கள் மாதாமாதம் பணம் கட்டுவதால் கிடைக்கும் என்று நம்பி அவரை மருத்துவமனைக்குக் கூட்டிப்போய் நிற்காதீர்கள்.

இப்போது கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டுவோம். கேரளத்தில் மெடிசெப் என்ற திட்டம் 2022 ஜூலை 1-இல் தொடங்கியது. முதல் மூன்று ஆண்டுச் சுற்றில் மாதம் 500 ரூபாய் பிடித்தம், ஆண்டுக்கு 3 லட்சம் காப்பீடு. இதில் 1.5 லட்சம் அந்தந்த ஆண்டோடு காலாவதி. மற்ற 1.5 லட்சம் மூன்று ஆண்டுக்கும் பொதுவான கணக்கில் சேரும். முழுதாகப் பயன்படுத்தினால் மூன்று ஆண்டில் 9 லட்சம் வரை. நமக்கு நான்கு ஆண்டில் 5 லட்சம். பிடித்தம் 200 ரூபாய் அதிகம் என்று உங்கள் கணவர் புலம்பியிருப்பார். இந்தக் கணக்கைக் காட்டுங்கள். கல்லீரல், சிறுநீரக மாற்று, எலும்பு மஜ்ஜை மாற்று, காது கேட்க உள்ளே பொருத்தும் காக்ளியர் இம்ப்ளான்ட் போன்ற 12 பெருஞ்செலவுச் சிகிச்சைகளுக்கு 35 கோடி ரூபாயில் தனி நிதியும் வைத்தார்கள். 2025 ஆகஸ்டில் இரண்டாம் கட்டத்துக்குக் கேரள அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தபோது ஆண்டுத் தொகையை 5 லட்சமாக்கினார்கள். அதற்கேற்ப பிடித்தமும் ஏறுகிறது.

உங்கள் வீட்டுக்கு மெடிசெப்பில் முக்கியமான விஷயம், ஊழியரை முழுதாகச் சார்ந்திருக்கும் பெற்றோரையும் அது சேர்த்துக்கொள்கிறது. மகனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதே என்று கேட்பதில்லை. எனவே மாமியாரின் கண்புரைக்கு வழி உங்கள் கணவரின் அட்டை. இதில் "முழுதாக" என்ற சொல்லைக் கவனியுங்கள். மாமியாருக்குச் சொந்த ஓய்வூதியமோ வேறு நிலையான வருமானமோ இருந்தால் கேள்வி வரும். கணவரின் பள்ளியில் சம்பளம் போடும் அலுவலரிடம் போய், மெடிசெப் பதிவில் அம்மாவின் பெயர் ஏறியிருக்கிறதா, பிறந்த தேதி ஆதாரோடு ஒத்துப்போகிறதா என்று இந்த வாரமே பார்க்கச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டு பெயர் சேர்க்க முடியாது.

கேரளத்தில் இன்னொரு வசதியும் உண்டு. 1960-ஆம் ஆண்டின் மருத்துவ உதவி விதிகள் அங்கே இன்னும் உயிரோடு இருக்கின்றன. அதனால் அரசு மருத்துவமனையில் புறநோயாளியாகப் பார்த்த செலவையும் திரும்பக் கேட்கலாம். நமக்கோ படுக்கையில் சேர்ந்தால்தான் கணக்கு. சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாதாமாதம் வாங்கும் மாத்திரைக்கு அந்த 300 ரூபாய் மருத்துவப்படிதான்.

மெடிசெப்பையும் ஒரேயடியாகப் புகழ முடியாது. முதல் சுற்றில், திட்டத்தின் பட்டியலில் இல்லாத மருத்துவமனைக்குப் போனால் விபத்து, பக்கவாதம், மாரடைப்பு ஆகிய மூன்று அவசரங்களுக்கு மட்டுமே பணம் தந்தார்கள். கேரளத்துத் தொகை பெரிது, ஆனால் கதவு குறுகல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காரைக்கால் கதையே வேறு. சுற்றிலும் தமிழ்நாடு, ஆனால் அங்கே சம்பளம் கொடுப்பது புதுச்சேரி. ஒன்றியப் பிரதேசம் என்பதால் அங்கே மத்திய அரசின் 1944-ஆம் ஆண்டு மருத்துவ உதவி விதிகளை ஒட்டித்தான் நடக்கும். கேரளத்துக்கு நடுவில் இருக்கும் மாஹே ஆசிரியருக்கும், ஆந்திரத்துக்குள் இருக்கும் ஏனாம் ஆசிரியருக்கும் அதே கதைதான். அடுத்த தெருவில் மெடிசெப் அட்டையை நீட்டுவார்கள், மாஹே ஆசிரியர் பில்லை மடித்து ஃபைலில் வைப்பார். இது காப்பீடே அல்ல. செலவு செய், ரசீது கொடு, நிர்ணயித்த கட்டணத்துக்கு உட்பட்டதைத் திரும்ப வாங்கிக்கொள் என்ற முறை. மாதப் பிடித்தம் கிடையாது, நான்கு ஆண்டுக்கு இவ்வளவுதான் என்ற உச்சவரம்பும் கிடையாது. ஆனால் கையில் பணம் இருக்க வேண்டும். ஒரு லட்சம் கடன் வாங்கிக் கட்டிவிட்டு, பில் பாஸாகும்வரை வட்டி கட்டுகிற கொடுமை இதில்தான் நடக்கும்.

மத்திய விதிகளில் பெற்றோருக்கு இடம் உண்டு. அவர்களுடைய வருமானம் மாதம் 9,000 ரூபாயும் அதற்குரிய அகவிலைப்படியும் சேர்ந்த தொகையைத் தாண்டக்கூடாது. பெண் ஊழியர் தன் பெற்றோரையோ மாமனார் மாமியாரையோ, யாராவது ஒரு தரப்பைத் தேர்ந்துகொள்ளலாம். இது நல்ல ஏற்பாடு; நம் மாநிலம் காப்பியடித்தால் தப்பில்லை. உங்கள் நாத்தனார் ஏற்கெனவே தன் மாமியாரைக் குறித்திருக்கிறாரா, அம்மாவைக் குறித்திருக்கிறாரா என்று கேளுங்கள். ஒரே அம்மாவை அண்ணன் மெடிசெப்பிலும் தங்கை புதுச்சேரியிலும் "முழுதாக என்னைச் சார்ந்தவர்" என்று எழுதிக் கொடுத்தால், பிற்பாடு தணிக்கையில் இருவருக்கும் தலைவலி.

இந்த மத்திய விதிகள் பணியில் இருப்பவர்களுக்கானவை. ஓய்வு பெற்றவரை அவை சேர்ப்பதில்லை. தமிழ்நாட்டில் ஓய்வூதியர்களுக்கென்று தனிக் காப்பீடு இருக்கிறது. 2022 ஜூலையில் தொடங்கிய சுற்றில் என்னிடம் மாதம் 497 ரூபாய் பிடித்தார்கள். பணியில் இருந்தபோது கட்டியதைவிடக் கூடுதல். வயசானவனுக்குச் செலவு அதிகம் என்று காப்பீட்டு நிறுவனம் போட்ட கணக்கு அது. கேரளத்தில் ஓய்வூதியரும் பணியில் இருப்பவரும் ஒரே மெடிசெப் குடையின் கீழ். அங்கே ஓய்வூதியரின் மருத்துவப்படி 500 ரூபாயை அப்படியே பிரீமியமாகத் திருப்பிவிட்டார்கள்.

மற்ற மாநிலங்களையும் நீங்கள் தொட்டிருந்ததால் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒன்றுபட்ட ஆந்திரம் 2013 டிசம்பரில் ஊழியர் சுகாதாரத் திட்டம் தொடங்கியபோது, காப்பீட்டு நிறுவனத்தை நடுவில் வைக்காமல் அரசின் சொந்த மருத்துவ அமைப்பான ஆரோக்யஸ்ரீ அறக்கட்டளையிடமே பொறுப்பைக் கொடுத்தது. சம்பள நிலையைப் பொறுத்து ஊழியர் மாதம் 90 அல்லது 120 ரூபாய் கட்ட, மீதியை அரசு போட்டது. ஒரு முறை சிகிச்சைக்கு 2 லட்சம். எத்தனை முறை என்பதற்கு வரம்பில்லை. சார்ந்திருக்கும் பெற்றோரும் உள்ளே. எழுத்தில் பார்த்தால் இதுதான் எல்லாவற்றிலும் தாராளம். ஆனால் அரசு பாக்கி வைத்தால் தனியார் மருத்துவமனைகள் "அந்த அட்டைக்கு பெட் இல்லை" என்று சொல்லிவிடும். பணம் எங்கே சிக்குகிறதோ அங்கே நோயாளி சிக்குகிறார்: காப்பீட்டு முறையில் நிறுவனத்திடம், அறக்கட்டளை முறையில் அரசின் நிலுவையில், ரசீது முறையில் கருவூலத்தில்.

கர்நாடகம் பல வருடம் ஜோதி சஞ்சீவினி என்ற திட்டத்தை நடத்தியது. ஊழியரிடம் காசு வாங்கவில்லை; ஆனால் இதயம், புற்றுநோய், நரம்பு போன்ற ஏழு உயர்சிகிச்சைப் பிரிவுகளுக்கு மட்டும்தான். குடல்வால் அறுவைக்கு அது உதவாது. 2025 அக்டோபரில்தான் மாதப் பிடித்தத்தோடு கூடிய விரிவான ஆரோக்ய சஞ்சீவினிக்கு மாறினார்கள். உத்தரப் பிரதேசத்தில் 2022-இல் மாநில ஊழியர்களுக்குக் கைக்காசு கட்டாத கேஷ்லெஸ் சிகிச்சை வந்தபோது தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் வெளியே நின்றார்கள். 2025 ஆசிரியர் தினத்தன்றுதான் அவர்களுக்கும் உண்டு என்று முதலமைச்சர் அறிவித்தார். உதவி பெறும் பள்ளிக்காரர் நம்மோடு ஒரே அட்டை வைத்திருப்பது நமக்குச் சாதாரணமாகத் தெரிகிறது. எல்லா ஊரிலும் அது அவ்வளவு சாதாரணமல்ல.

தமிழ்நாட்டுக்குள்ளேயே ஒரு வேறுபாடு இருக்கிறது, அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. 2012-இல் 5,000 ரூபாய் சம்பளத்தில் 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்களே, ஓவியம், உடற்கல்வி, தையல், கணினி சொல்லிக்கொடுப்பவர்கள், அவர்களுக்கு என்.எச்.ஐ.எஸ். கிடையாது. ஏழைகளுக்கான முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருக்க வேண்டும். மாதம் 10,000 வாங்கியபோது, மே மாதச் சம்பளம் இல்லாமல் பதினோரு மாதத்துக்கு 1,10,000, தப்பித்தார்கள். 2023 அக்டோபரில் அதை 12,500 ஆக்கினார்கள். பதினோரு மாதத்துக்கு 1,37,500. சம்பளம் கூடியதால் அந்தக் கதவு சாத்திக்கொண்டது. அதே நேரத்தில் அவர்களுக்கு 10 லட்சம் ரூபாய்க் காப்பீடு என்றும் அமைச்சர் அறிவித்தார். ஒரே பள்ளியில், ஒரே வருகைப் பதிவேட்டுக்குப் பக்கத்து நோட்டில் கையெழுத்துப் போடுகிறவர் விழுந்தால், அவரைத் தூக்கிக்கொண்டு எந்த வாசலுக்குப் போவது என்று தலைமையாசிரியர் யோசிக்க வேண்டியிருக்கிறது.

தம்பி விஷயம். தனியார் பள்ளிக்கு அரசு ஊழியர் காப்பீடு எதுவும் வராது, அவருக்கு இ.எஸ்.ஐ., அதாவது தொழிலாளர் அரசுக் காப்பீடு. மாதச் சம்பளம் 21,000-க்குள் இருப்பதால் அவர் உள்ளே வர வேண்டும். அவர் பங்கு 0.75 சதவீதம், அதாவது 18,000-க்கு 135 ரூபாய். பள்ளியின் பங்கு 3.25 சதவீதம், 585 ரூபாய். இந்த 135 ரூபாய்க்கு அவருக்குக் கிடைப்பதைப் பாருங்கள்: புறநோயாளிச் சிகிச்சை, மருந்து, படுக்கை, சார்ந்திருக்கும் பெற்றோர், நோயில் வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம் ஆண்டுக்கு 91 நாள் வரை, பெண்களுக்கு 26 வாரப் பேறுகாலப் பணம். தொகைக்கு 5 லட்சம் மாதிரி மூடி கிடையாது. உங்கள் குடும்பத்தில் அதிகம் சம்பளம் வாங்காத ஆளிடம்தான் அகலமான பாதுகாப்பு இருக்கிறது! சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உங்கள் ஊரிலிருந்து எட்டும் தூரம்தான்.

இதிலும் பிராந்தியக் கணக்கு இருந்தது. கல்வி நிறுவனங்களுக்கு இ.எஸ்.ஐ. உண்டா என்பதை ஒவ்வொரு மாநிலமும் தனியாக அறிவிக்க வேண்டியிருந்தது. தமிழ்நாடு 2010 நவம்பரில் அரசாணை போட்டது. தனியார் பள்ளி நிர்வாகங்கள் வழக்குப் போட, பத்து வருடம் இழுத்து, 2020-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு அரசாணை செல்லும் என்றது. 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, பத்துப் பேர் வேலை பார்க்கும் நிறுவனங்களுக்கு இ.எஸ்.ஐ.யைப் பொதுவாக விரிக்கிறது. தம்பியின் சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. எண் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அப்பா அவரைச் சார்ந்தவராகப் பதிவாகியிருக்கிறாரா என்பதே அடுத்த கேள்வி. அப்பாவுக்கான முதல் வழி நீங்களல்ல, தம்பிதான். சம்பளம் 21,000-ஐத் தாண்டும் நாளில் இது நிற்கும். நடப்புப் பங்களிப்புக் காலம், அதாவது செப்டம்பர் அல்லது மார்ச் முடிவு வரை மட்டும் ஓடும். அப்போது தனியாக ஒரு குடும்ப பாலிசி எடுக்க வேண்டியிருக்கும். தனிநபர் மருத்துவ பாலிசிக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. இல்லை. ஆனால் ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு மூன்று வருடம் வரை காத்திருக்கச் சொல்லலாம். ஆகவே சம்பளம் ஏறும்வரை காத்திராமல் முன்கூட்டியே பாருங்கள்.

அப்பாவுக்கு 70 வயது ஆகிவிட்டதா என்று நீங்கள் எழுதவில்லை. 2024 அக்டோபரில் மத்திய அரசு, 70 நிரம்பியவர்களுக்கு வருமானம் பார்க்காமல் ஆண்டுக்கு 5 லட்சம் என்று ஆயுஷ்மான் திட்டத்தை விரித்தது. கலெக்டர் அலுவலகத்தில் காப்பீட்டு அட்டை கொடுக்கும் மையத்தில் அவருடைய ஆதாரோடு போய், இதையும் முதலமைச்சர் திட்டத்தையும் சேர்த்துக் கேளுங்கள்.

கடைசியாக, உங்கள் சொந்த அட்டையைப் பற்றி ஒன்று. எங்கள் பள்ளி ஆசிரியை ஒருவரை நடு இரவில் பட்டியலில் உள்ள ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். "அட்டை செல்லும், ஆனால் அட்வான்ஸ் 40,000 கட்டுங்கள்" என்றார்கள். கட்டினோம். டிஸ்சார்ஜின்போது அது "பேக்கேஜில் வராத செலவு" ஆகிவிட்டது. அந்த 40,000-க்கு ரசீது கேட்டபோதுதான் அவர்கள் குரல் இறங்கியது. எழுத்தில் வாங்காத எதற்கும் பின்னால் போராட முடியாது. பட்டியலில் இல்லாத மருத்துவமனையில் அவசரமாகச் சேர்க்க நேர்ந்தாலும் கதை முடிந்துவிடாது. மாவட்டத்தில் ஆட்சியர் தலைமையிலான குழுவிடம் பணம் திரும்பக் கேட்டு விண்ணப்பிக்கலாம். அங்கே மறுத்தால், உச்ச நீதிமன்றம் 2018-இல் சிவகாந்த் ஜா வழக்கில் சொன்னதைக் காட்டுங்கள்: சிகிச்சை உண்மையில் நடந்ததா என்பதுதான் கேள்வி, மருத்துவமனை பட்டியலில் இருக்கிறதா என்பதை மட்டும் வைத்து மறுக்கக்கூடாது. அது மத்திய அரசு ஓய்வூதியர் வழக்குதான். சென்னை உயர் நீதிமன்றமும் நம் திட்டத்தில் இதே போக்கில் பலமுறை தீர்ப்பளித்திருக்கிறது. அதற்கு உங்களுக்கு வேண்டியது மூன்று: அவசரம் என்று டாக்டர் எழுதிய சான்று, டிஸ்சார்ஜ் சம்மரி, பணம் கட்டிய அசல் பில்கள். அசலைக் கொடுக்கும் முன் எல்லாவற்றையும் ஒரு செட் ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள். அலுவலகத்தில் ஃபைல் தொலைவது நோயைவிடச் சகஜம்.